தவறான சூத்திரத்தில் தொடங்கிய பயணம்: மின்தடைக்குப் பெயர் தந்த ஜார்ஜ் சைமன் ஓம்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இன்று பள்ளி மாணவர்கள் ஒரே வரியில் முடிக்கும் இந்தக் கணக்கை உலகுக்குத் தந்தவர், ஜெர்மனியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம். அந்தக் கண்டுபிடிப்பு பல்கலைக்கழகப் பதவியைப் பெற்றுத் தரும் என்று நம்பிய அவர், கையில் இருந்த வேலையையும் துறக்க நேர்ந்தது.

பவேரியப் பகுதியிலுள்ள எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி ஓம் பிறந்தார். தந்தை பூட்டுகள் செய்யும் கொல்லர். முறையான கல்வி பெறாத அவர், தாமாகவே கணிதமும் அறிவியலும் கற்று மகன்களுக்கும் கற்பித்தார். ஓமின் தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியரானார். தாயை 10 வயதிலேயே ஓம் இழந்தார்.

1805-இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம், நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பொழுதைக் கழித்ததாகத் தந்தை சினங்கொண்டார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கு கணித ஆசிரியராகப் பணியாற்றிய ஓம், 1811-இல் ஊர் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். வருவாய் போதாமல் மீண்டும் பள்ளிகளை நாட வேண்டியிருந்தது. 1817-இல் கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் கிடைத்த பணிதான் அவரது வாழ்வைத் திருப்பியது. அங்கு இயற்பியல் ஆய்வுக்கூடம் இருந்தது. தந்தையின் பட்டறையில் பழகிய கைகள், தேவையான கருவிகளைத் தாமே செய்துகொண்டன.

கம்பியின் நீளம் கூடும்போது மின்னோட்டம் எவ்வாறு குறைகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில், மடக்கை வடிவிலான ஒரு சூத்திரம் இடம்பெற்றது. அது தவறு. பிழையின் வேர் கருவியில் இருந்தது: அக்கால வோல்டா மின்கலங்கள், சுற்றை இணைத்த சிறிது நேரத்திலேயே வலுவிழந்துவிடும். மூலமே நிலையாக இல்லாதபோது, குறைந்தது கம்பியாலா கலத்தாலா என்று பிரித்தறிய இயலாது.

மின்கலத்துக்குப் பதிலாக வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்துமாறு இயற்பியலாளர் பொகெண்டார்ஃப் யோசனை கூறினார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டின் வெப்பநிலையும் மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். கம்பியின் தடையும் சுற்றின் பிற பகுதிகளின் தடையும் சேர்ந்த தொகைக்கு எதிர்விகிதத்தில் மின்னோட்டம் அமைவது தெளிவானது. 1826-இல் வெளியான இம்முடிவு, ஓராண்டுக்கு முன் அவரே எழுதியதைத் தள்ளுபடி செய்தது. தம் பிழையை இவ்வளவு விரைவில் தாமே திருத்திக்கொண்டதுதான் அவரது வாழ்வின் மிகச் சிறந்த செயல் எனலாம்.

பாதிச் சம்பளத்தில் விடுப்பு எடுத்து, பெர்லினில் இருந்த தம்பியிடம் சென்று தங்கிய ஓம், 1827-இல் மின்சுற்று குறித்த தமது கணித நூலை வெளியிட்டார். வரவேற்பு கிடைக்கவில்லை. இயற்பியலைக் கணிதத்தால் விளக்கும் முறையையே ஜெர்மானிய அறிஞர்கள் சிலர் ஏற்கவில்லை; கடுமையான விமர்சனமும் வந்தது. எதிர்பார்த்த பதவி கிட்டாத ஏமாற்றத்தில், 1828-இல் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் சிறு கணித வகுப்புகளே சில ஆண்டுகள் அவருக்குப் பிழைப்பாயின. 1833-இல் நியூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்தது.

அங்கீகாரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. லண்டன் ராயல் சங்கம் 1841-இல் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜூல், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். மின்திறன் கணக்கு இங்கிருந்து பிறக்கிறது.

230 வோல்ட் இணைப்பில் ஒரு வெந்நீர்ச் சாதனம் 5 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். 230-ஐ 5-ஆல் வகுத்தால் மின்தடை 46 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் 1,150 வாட். ஜூலின் வழியில் 5-இன் இருமடியான 25-ஐ 46-ஆல் பெருக்கினாலும் அதே 1,150 வாட்தான். ஒரு மணி நேரம் இயங்கினால் மின்கட்டணக் கணக்கில் 1.15 யூனிட் ஏறும். சூடேற்றும் கம்பிகளுக்கு இது நேராகப் பொருந்தும். மோட்டார் உள்ள மின்விசிறிக்கு இவ்வளவு எளிதாகப் பொருந்தாது.

ஓம் இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, 1852-இல் மியூனிக்கில் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6 அன்று, அந்நகரிலேயே அவர் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மின்தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை 1881-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஏற்றபோது, அவர் மறைந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.