டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் வாய்ப்புற்றுநோய் மரபணுப் பரிசோதனையும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் உறுதியை அவருக்கு அளித்தது. தீராத நோய்க்குச் செலவு வீண் எனப் பலர் கருதிய காலத்தில் நிதி திரட்டினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. 1968-இல் அவர் மறைந்தார்.

அவர் காலத்தில் இல்லாத மரபணுப் பரிசோதனை இன்று உண்டு. உங்கள் கட்டியின் திசுவில் டிபி53 முதலிய மரபணுக்கள் மாறியுள்ளனவா என அறியலாம். அம்மாற்றம் நோய் தீவிரமாகும் வாய்ப்பை உணர்த்தலாம். முடிவை உறுதியாகக் கூறாது. கட்டியின் அளவு, ஆழம், கழுத்து நிணநீர்க் கணுக்களில் பரவியுள்ள நிலை ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையை முதன்மையாகத் தீர்மானிக்கிறார். எனவே பரிசோதனை முடிவைக் கண்டு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிடாதீர்கள். இம்மாற்றங்கள் பெரும்பாலும் பிறவியில் வந்தவை அல்ல. புகையிலை, பாக்கு போன்றவற்றால் வாழ்நாளில் ஏற்படுபவை.

நீங்கள் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களில் வாழ்பவராயின், வலி இல்லை என்றோ இறால் பருவம் முடியட்டும் என்றோ காலம் தாழ்த்த வேண்டாம். வாய்ப்புண் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாவிட்டாலும், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தோன்றினாலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் வாய்ப்புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.