மாநில உரிமை கண்ட நீதியரசர்

மாநில சுயாட்சி என்றவுடன் அரசியல் தலைவர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கோரிக்கைக்குச் சட்ட வடிவம் சமைத்துத் தந்தவர் ஒரு நீதியரசர் என்பதும், அவர் தெலுங்கில் நாடகம் யாத்த படைப்பாளி என்பதும் பலரும் மறந்துவிட்ட செய்திகள். இராஜமன்னார் குழு என்னும் தொடரில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பெயருக்குரியவரைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

பி. வி. இராஜமன்னார் 1901ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையாரும் நீதிபதியாக விளங்கியவர். வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1948இல் தலைமை நீதிபதிப் பொறுப்பேற்றார். அப்பதவியில் நிலையாக அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1961 வரை பதின்மூன்று ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார். இளமையில் அவர் எழுதிய ‘தப்பெவரிதி’ என்னும் நாடகம் இல்லறத்தில் பெண்ணுக்கு நேரும் கொடுமைக்குப் பொறுப்பாளி யார் என்று வினவியது. பெரும் நடிகர் பெல்லாரி இராகவா அதனை மேடையேற்றிச் சிறப்பித்தார். 1953இல் தில்லியில் சங்கீத நாடக அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவராக இராஜமன்னார் அமர்ந்ததற்கு நீதிமன்றப் புகழ் மட்டும் காரணமன்று.

மாநில அரசின் செயலென்றால் கண்ணை மூடி ஒப்புபவரல்லர் அவர். 1950இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பளித்த மூவர் ஆயத்திற்குத் தலைமை தாங்கியவர் அவரே. உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்ய, தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அக்கிளர்ச்சியில் பங்கு கொண்ட இயக்கத்தாரே பின்னாளில் ஆட்சிக்கு வந்து, மாநில உரிமையை ஆராயும் பணியை அதே நீதியரசரிடம் ஒப்படைத்தனர். இது இரு சாராருக்கும் பெருமை தருவது.

அவருக்கு அந்நாட்டத்தை ஊட்டியவை கணக்கேடுகள் என்றே சொல்ல வேண்டும். 1964இல் அமைந்த நான்காம் நிதிக்குழுவுக்கு அவர் தலைவரானார். மக்களோடு நேரில் தொடர்புடைய கல்வி, மருத்துவம், வேளாண்மை ஆகியவை மாநிலங்களின் பொறுப்பு. வளரும் வரிகளோ மைய அரசின் கையில். இந்த ஏற்றத்தாழ்வைச் சீர்செய்யவே அரசியலமைப்பு நிதிக்குழுவைப் படைத்தது. வருமான வரியில் மாநிலங்களின் பங்கை மூன்றில் இரண்டிலிருந்து 75 விழுக்காடாக உயர்த்துமாறு அவர் குழு 1965இல் பரிந்துரைத்தது. ஆயினும் 1959ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்தால் நிறுவனங்கள் செலுத்தும் வரி பங்கீட்டுக்கு அப்பாற்பட்டுப் போயிருந்தது. அதனினும் பெரிய சிக்கல் ஒன்றையும் அவர் கண்டார். 1950இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் மட்டுமே பிறந்த திட்டக்குழு, 282ஆம் பிரிவின் வழியாகப் பெருந்தொகைகளை மாநிலங்களுக்கு வழங்கி வந்தது. சட்டம் படைத்த குழு ஒதுங்கி நிற்க, சட்டத்தில் இடம்பெறாத குழு கொடையளிக்கும் நிலை. இவ்விரு குழுக்களின் பணிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை அவர் அறிக்கையோடு இணைத்த தனிக்குறிப்பில் எடுத்துக்காட்டினார். கேட்டுப் பெறுவது உரிமையா, அருளா என்ற வினா அங்கேதான் முளைத்தது.

1969 செப்டம்பர் 22ஆம் நாள் தமிழக அரசு மைய மாநில உறவுகளை ஆராய மூவர் குழுவை அமைத்தது. தலைவர் இராஜமன்னாருடன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரும், முன்னாள் தலைமை நீதிபதி பி. சந்திரா ரெட்டியும் உறுப்பினராயினர். 1971 மே மாதம் அறிக்கை அளிக்கப்பட்டது. நிதிக்குழு நிலையான அமைப்பாக வேண்டும். திட்டக்குழுவின் இடத்தில் சட்டமுறையான அமைப்பு வேண்டும். மாநிலங்களுக்கிடையிலான மன்றம் உடனே காண வேண்டும். ஆளுநர் நியமனத்தில் மாநில அமைச்சரவையைக் கலந்தறிய வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. ஆளுநர் ஏ. ஜே. ஜான் மறைந்த 1957 அக்டோபரில் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்று, சில மாதங்கள் அம்மாளிகையின் நடைமுறையை உள்ளிருந்தே கண்டவர் அவர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். மாநில ஆட்சியைக் கலைக்க வழிவகுக்கும் 356ஆம் பிரிவை நீக்குமாறும் அறிக்கை பரிந்துரைத்தது. அப்பிரிவு இருந்தே தீருமாயின், சட்டம் ஒழுங்கு முற்றிலும் குலைந்த நிலையில் மட்டுமே அதனைக் கையாளலாம் என்று வரம்பிட்டது.

காலம் ஒத்துழைக்கவில்லை. அறிக்கை வெளிவருவதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்த்தான் இந்திரா காந்தி அம்மையார் பெரும்பான்மை வலிவோடு மீண்டும் தில்லியில் ஆட்சியமைத்திருந்தார். தேர்தலில் அவரோடு தமிழக ஆளுங்கட்சி தோழமை பூண்டிருந்ததும் பயன்படவில்லை. அனைத்திந்தியப் பணிகளையே கைவிடச் சொன்ன அறிக்கை பிற இடங்களில் பிரிவினையின் மறுவடிவமென ஐயுறப்பட்டது. அப்பரிந்துரையில் அவர்கள் அளவு மீறினர் என்று கருத இடமுண்டு. அதற்காக முழு அறிக்கையும் புறந்தள்ளப்பட்டது நேர்மையாகாது. 1974 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. மைய அரசு அசையவில்லை.

1976 சனவரி 31ஆம் நாள், நெருக்கடிநிலை நடப்பிலிருந்த வேளையில், எந்தப் பிரிவை நீக்கச் சொன்னாரோ அதே பிரிவின்கீழ், அவருக்கு அப்பணியைத் தந்த அரசே கலைக்கப்பட்டது. ஊழலும் நிர்வாகச் சீர்கேடும் காரணங்களாகக் கூறப்பட்டன. அறிக்கை வகுத்த அளவுகோலுக்குள் அவை அடங்கா. முதுமையின் எழுபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி நின்ற இராஜமன்னார் அதனைக் கண்டார். 1979ஆம் ஆண்டு அவர் காலமானார்.

மாநிலங்களுக்கிடையிலான மன்றம் 1990இல் அமைந்தது. 356ஆம் பிரிவைக் கையாள்வதற்கு உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில் 1994இல் வரம்பு கட்டியது. திட்டக்குழு 2015 தொடக்கத்தில் நிதி ஆயோக்குக்கு இடம் விட்டு மறைந்தது. 2025 ஏப்ரலில் தமிழக அரசு இதே பொருளை ஆராய மீண்டும் ஒரு நீதியரசர் தலைமையில் குழு அமைத்தது. அதன்முன் வைக்கப்பட்ட வினாக்களுட் பல, 1969இல் இராஜமன்னாரின் மேசைமீது இருந்தவை.