கூடுகளின் தோழர் சலீம் அலி

அலங்காநல்லூர் என்றவுடன் எல்லோருக்கும் ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாயும் எங்கள் வயல்களில் காளைகளைத் தவிர வேறு செல்வங்களும் உண்டு. கிணற்று மேட்டுப் பனையிலும் தென்னையிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள் அவற்றுள் ஒன்று.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, அறிவியல் கண்காட்சிக்காக அவற்றில் மூன்றைத் தொரட்டியால் அறுத்து எடுத்தோம். காலிக் கூடுகள் என்றே எண்ணினோம். மூன்றாவது கூட்டுக்குள் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் இருந்தன. பஞ்சில் வைத்து, சோற்றைக் குழைத்து ஊட்டிப் பார்த்தோம். மறுநாள் காலையில் இரண்டும் இறந்து கிடந்தன. கண்காட்சிக்கு வந்தவர்கள் கூடுகளைப் பார்த்து எங்களைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எங்களுக்கு முள்ளாகக் குத்தியது.

அதன் பிறகுதான் பறவையியல் அறிஞர் டாக்டர் சலீம் அலியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அவருடைய பறவை வாழ்வும் ஒரு குருவியைக் கொன்றதில்தான் தொடங்கியது என்று அறிந்து வியந்தோம். ஆகவே அவரைப் பற்றி எழுத விரும்பினோம்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைகள் இல்லாத தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியும் அவர் மனைவியும் அவரையும் உடன்பிறந்தோரையும் அன்புடன் வளர்த்தனர். சிறுவனுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஒரு நாள் அதனால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று தெரிந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயரிடம் அவனை அனுப்பி வைத்தார். மில்லார்டு சிறுவனைக் கடிந்து கொள்ளவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கியதுடன், கழகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று திறந்த கதவு அவர் வாழ்நாள் முழுவதும் மூடவேயில்லை.

ஆனால் அவருடைய பாதை மலர்ப் பாதையாக அமையவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சென்றார்; தொழில் கைகொடுக்கவில்லை. பம்பாயில் வணிகவியல் படித்துக் கொண்டிருந்த அவருடைய உண்மையான ஆர்வத்தைக் கண்டுகொண்டவர், புனித சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை எத்தல்பர்ட் பிளாட்டர் ஆவார். அவர் தூண்டுதலால் சலீம் அலி அக்கல்லூரியில் விலங்கியல் பயின்றார். ஆயினும் முறையான பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பிறகு விடுப்பு எடுத்து ஜெர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். 1930இல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்று அந்தப் பதவியே நீக்கப்பட்டிருந்தது!

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். சலீம் அலியோ மனைவி தெஹ்மினாவுடன் பம்பாயை அடுத்த கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. வேலை இல்லாத அந்த நாட்களில் மணிக்கணக்காக அவற்றைப் பார்த்துக் கொண்டிருந்தார். அந்நாளில் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்தி, பெயரிட்டு அடுக்குவதே பறவை ஆராய்ச்சி எனப்பட்டது. அவரும் ஆய்வுக்காக அவ்வாறு சேகரித்தவர்தாம். ஆனால் உயிருள்ள பறவை என்ன செய்கிறது என்பதை அறிய, கூட்டின் அருகே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பதைக் கிஹிமில் அவர் மெய்ப்பித்தார்.

அவர் கண்டது என்ன? கூடு கட்டுவது ஆண் குருவி. அது பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுச் சிறகடித்து அழைக்கும். பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதிக்கும். ஒன்றுக்குப் பிடித்துவிட்டால், ஆண் குருவி குழாய் போன்ற வாயிலை அமைத்துக் கூட்டை முடிக்கும். பெண் குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடும். யாருக்கும் பிடிக்காத கூடுகள் பாதியிலேயே நின்றுவிடும். இதைப் படிக்கும் வரை, பாதிக் கூடுகளெல்லாம் காற்றில் சிதைந்தவை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

1939இல் தெஹ்மினா காலமானார். தம் பயணங்களுக்கெல்லாம் துணைநின்ற மனைவியை இழந்த துயரத்திலும் அவர் பணியை விடவில்லை. முன்பு ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி ஆகிய சமஸ்தானங்களில் செய்தது போலவே, வேறு பல சமஸ்தானங்களிலும் காடும் மலையும் நடந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் சாதாரண மக்களுக்கும் பறவைகளை அறிமுகம் செய்தது. அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் கடைசித் தொகுதி வந்தபோது அவர் 77 வயதை எட்டியிருந்தார்!

நம் தமிழகத்துக்கும் அவருக்கும் உறவு உண்டு. வலசைப் பறவைகள் வந்து தங்கும் கோடியக்கரையின் சிறப்பை அவர் எடுத்துக் காட்டினார். 1967இல் அது சரணாலயமாயிற்று. அன்றைய மதுரை மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால் புதிய இனம் என்று 1972இல் தெரிய வந்தபோது, அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார்கள்.

கூட்டை உட்கார்ந்து பார்ப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் உயர்ந்த மரங்களில் கூடு கட்டும் வெண்தலைக் கழுகு அந்நாட்டின் சின்னமாகும். சார்லஸ் புரோலி என்ற ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் புளோரிடாவில் ஆண்டுதோறும் மரமேறி, அதன் குஞ்சுகளுக்குக் கால்வளையம் இட்டு வந்தார். 1947 முதல் கூடுகளில் குஞ்சுகள் குறைந்து வருவதைக் கண்டார். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற கழுகின் முட்டை ஓடுகளை மெலியச் செய்தது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டைகள் நொறுங்கின. 1963இல் அலாஸ்கா நீங்கலான மாநிலங்களில் 417 இணைகளே எஞ்சியிருந்தன. 1972இல் அம்மருந்துக்குத் தடை வந்தது. கழுகுகள் மீண்டும் பெருகின. 2007இல் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீங்கின. கூட்டைப் பார்த்துக் கொண்டிருந்த கண்கள் இல்லாவிட்டால், அந்த ஆபத்து எப்போது தெரிந்திருக்கும்?

சலீம் அலிக்கு 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் கிடைத்தன. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரையே வைத்தார். விருதுகள் பல பெற்ற பின்பும் சிறுவயதில் வீழ்த்திய குருவியை அவர் மறக்கவில்லை. 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தமது 90ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

தோழியரே! நாங்களும் அந்த இரண்டு குஞ்சுகளை மறக்கவில்லை. இந்த ஆண்டுக் கண்காட்சியில் கூடு எதையும் வைக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தோம். அதே கிணற்று மேட்டில் சனிக்கிழமைதோறும் வரப்பில் உட்கார்ந்து எழுதியவை அதில் உள்ளன. இருபத்து மூன்று கூடுகள். அவற்றுள் ஒன்பது பாதியில் நின்றவை. தொரட்டியைத் தூக்கிக் கொண்டா வந்தீர்கள் என்று முதல் நாள் அதட்டிய தோட்டத்துத் தாத்தா, கடைசி வாரத்தில் எங்களுக்கு முன்பே வந்து, குஞ்சுகள் பறந்துவிட்ட கூட்டைக் காட்டினார். அந்த நோட்டைப் பார்க்கச் சென்ற ஆண்டு போலக் கூட்டம் கூடவில்லை. ஆனால் இம்முறை எங்கள் மனத்தில் முள் இல்லை.

தவறு செய்த கையே நன்மையும் செய்யலாம் என்று காட்டிய சலீம் அலியின் புகழ் வாழ்க!