சீமாறு எடுத்த காந்தித் தாத்தா

காந்தித் தாத்தா உப்பு எடுத்தது, ராட்டை சுத்துனது எல்லாம் நாம படிச்சதுதான். நம்ம ஊர் காய்கறி மார்க்கெட்டையே காந்தி மார்க்கெட்டுன்னுதான் சொல்றோம். ஆனா அவர் சீமாறு எடுத்த கதை பரீட்சைக்கு வராது. அதனால அதை நான் இங்கே எழுதுகிறேன்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி குஜராத்தில் போர்பந்தர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா திவான், வசதியான வீடு. அந்த வீட்டுக் கழிவறையைச் சுத்தம் செய்ய ஊகா என்று ஒருவர் வருவார். தெரியாம அவரைத் தொட்டுட்டாக்கூட போய்க் குளின்னு அம்மா புத்லிபாய் சொல்வார். நம்ம வீட்டு அழுக்கை எடுக்கிறவரைத் தொட்டா நமக்கு எப்படித் தீட்டு ஒட்டும்னு சின்ன வயசுலேயே காந்திக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. நம்மைவிடச் சின்னப் பையன் அப்போ.

லண்டன் போய் வக்கீலுக்குப் படித்து, 1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே சலவைக்குக் காசு அதிகமாச்சுன்னு தானே துணி வெளுக்கக் கத்துக்கிட்டார். முதல் தடவை சட்டைக் காலருக்குப் போட்ட கஞ்சி ஜாஸ்தியாகி, கோர்ட்டுல பொலபொலன்னு உதிர்ந்துச்சாம். கூட இருந்த வக்கீலெல்லாம் சிரித்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வெள்ளைக்காரர் கடையில முடி வெட்ட மாட்டேன்னுட்டாங்க. கண்ணாடி பார்த்துத் தானே வெட்டிக்கிட்டார். முன்பக்கம் சுமாரா வந்துச்சு, பின்பக்கம் கெட்டுப் போச்சு. எலி கடிச்சிருச்சான்னு கோர்ட்டுல கேட்டாங்களாம். அதுக்கும் அவர் வெட்கப்படலை.

1896-ல் ஊருக்கு வந்தபோது பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ராஜ்கோட்டுக்கும் வந்துவிடும் என்று பயந்து ஒரு கமிட்டி போட்டார்கள். காந்தி வீடு வீடாகக் கழிவறையைப் பார்க்கப் போனார். ஏழைகள் உள்ளே விட்டார்கள், சொன்னபடி சரியும் செய்தார்கள். பெரிய வீட்டுக்காரர்களில் சிலர் விடவே இல்லை. பெரிய வீட்டுக் கழிவறைதான் ரொம்ப மோசமா இருந்துச்சு. தாழ்த்தப்பட்ட மக்கள் தெருவுக்குப் போகலாம்னு சொன்னதும் கமிட்டியில ஒரே ஒருத்தர்தான் அவரோட வந்தார். போய்ப் பார்த்தா, வீட்டு வாசல் சுத்தமாகக் கூட்டியிருக்கு, தரை சாணி போட்டு அழகா மெழுகியிருக்கு, இருக்கிற நாலு பாத்திரம் பளபளன்னு மின்னுது! யாரை அழுக்கு அழுக்குன்னு ஒதுக்கி வச்சாங்களோ அவங்க வீடு அப்படி. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த சம்பவத்தில் எனக்குக் காந்தித் தாத்தா மேல கோபம். டர்பனில் அவர் வீட்டில் குமாஸ்தாக்களும் தங்கியிருந்தார்கள். அறையில் வைக்கும் சிறுநீர்ப் பானைகளைக் காந்தியும் கஸ்தூரிபாயும்தான் கழுவுவார்கள். ஒரு குமாஸ்தா தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவர் பானையை எடுக்கக் கஸ்தூரிபாய்க்கு மனசு வரலை, அழுதுகொண்டே எடுத்தார். காந்தியோ சிரிச்ச முகத்தோட எடுக்கணும்னு சத்தம் போட்டு, கையைப் பிடிச்சு வாசல் கதவு வரை இழுத்துக்கிட்டுப் போனார். வெட்கமில்லையா, நான் எங்கே போவேன்னு அந்த அம்மா கேட்ட பிறகுதான் அவர் தலை குனிந்தார். எல்லாரும் சமம்னு நம்புறவர் சம்சாரத்தை மட்டும் அதட்டி வேலை வாங்கலாமா? இதை மறைக்காமல் தன் சுயசரிதையில் அவரே எழுதிவிட்டார்.

1901-ல் கல்கத்தா காங்கிரசுக்குப் போனார். கழிவறைகள் நிரம்பி நாற்றம். தொண்டர்களைக் கேட்டால் அது எங்க வேலை இல்லை என்றார்கள். ஒரு சீமாறு கேட்டு வாங்கி, தான் போகும் கழிவறையைத் தானே கழுவினார். மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. ஒரே ஆளு எத்தனையைக் கழுவுறது?

1910-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் நண்பர் காலன்பாக் கொடுத்த 1100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே இருந்தன. தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. காந்தி தனக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தமிழை வச்சு அவங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்! வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் கழிவறை வரை எல்லாம் அவர்களே. பெரியவங்க செய்யாத வேலையைப் பிள்ளைங்ககிட்ட சொல்லக்கூடாது, வாத்தியாரும் கூட நின்னு செய்யணும், இதுதான் சட்டம். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் எருவாகும். கழிவைக் குழியில் போட்டு மண் மூடிவிடுவார்கள். ஈயும் இல்லை, நாற்றமும் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் மரத்துக்குப் போகும். பிள்ளைங்களுக்கு நோயே அவ்வளவா வரலையாம்.

இங்கே ஒன்று சொல்லணும். எங்க வீட்ல விடியக்காலம் வாசல் தெளிச்சு, கூட்டி, கோலம் போடுறது நான். பாத்திரம் விளக்குறது அம்மா. அண்ணன் அந்த நேரம் போர்வைக்குள்ள. ஆம்பளப் பிள்ளை சீமாறு தொட்டா நல்லாவா இருக்கும்னு அப்பத்தா சொல்லும். அந்தப் பண்ணையில அண்ணன் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பார்த்தேன், சிரிப்பு வந்துருச்சு. கூட்டுறதுல நான் கத்துக்கிட்டது நிறைய இருக்கு. எறும்பு எந்த மூலையில ஏறுது, எந்தத் தொட்டியில கொசுப்புழு நெளியுது, எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தன் செருப்பு கிடக்கிற இடம்கூடத் தெரியாது.

1915-ல் இந்தியா திரும்பினார். 1917-ல் பீகாரில் சம்பரான் விவசாயிகளுக்காகப் போராடியபோது கிராமங்களில் பள்ளிக்கூடமும் திறந்தார். தெருவைக் கூட்டுவதும் கிணற்றைச் சுத்தம் செய்வதும் அந்தத் தொண்டர்கள் வேலை. அழுக்குச் சேலையோடு இருந்த ஒரு அம்மாவிடம், ஏன் துவைக்கலைன்னு கஸ்தூரிபாய் கேட்டார். அந்த அம்மா குடிசைக்குள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். மாற்றுச் சேலையே இல்லை! அழுக்கா இருக்கிறவங்களைக் கேலி பண்ணுற நம்ம வகுப்பு ஆளுங்க இதை ரெண்டு தடவை படிக்கணும்.

தாழ்த்தப்பட்டவர்களை விடாத கோயிலுக்கு நான் போகமாட்டேன் என்று இருந்த காந்தி, கோயில் கதவு எல்லாருக்கும் திறந்த பிறகு 1946 பிப்ரவரியில் மதுரைக்கும் நம்ம பழனிக்கும் வந்தார். அப்போது அவருக்கு 76 வயது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனிதக் கழிவை மனிதரே அள்ளக்கூடாது என்று 1993-லும் 2013-லும் சட்டம் வந்தது. மலக்குழிக்குள்ள இறங்கிச் செத்துட்டாங்கன்னு செய்தி இப்பவும் வந்துகிட்டுத்தான் இருக்கு.

ஒன்னு விட்டுப் போச்சு. 1915-ல் காந்தி, தாகூரின் சாந்திநிகேதன் பள்ளிக்குப் போயிருந்தார். சமையல்காரர், வேலைக்காரர் இல்லாமல் மாணவரும் வாத்தியாரும் நீங்களே செய்து பாருங்கள் என்றார். மார்ச் 10-ஆம் தேதி தொடங்கினார்கள். காய் நறுக்குனாங்க, பாத்திரம் தேய்ச்சாங்க, கழிவறை கழுவுனாங்க. கொஞ்ச காலத்துல சலிச்சுப் போய் நின்னுருச்சு. ஆனாலும் அந்த நாளை அங்கே காந்தி நாளாக வைத்து, வேலைக்காரர்களுக்கு லீவு விட்டு, மாணவர்கள் வேலை செய்வது வழக்கமாகிவிட்டது.

மார்ச் 10-க்கு நம்ம வகுப்புல பசங்க பேரை மட்டும் எழுதி ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்கேன். டீச்சர்கிட்ட இன்னும் காட்டலை. சீமாறு நாலு இருக்கு, முறம் ஒன்னுதான் இருக்கு. முறம் யாராவது வீட்ல இருந்து கொண்டு வாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி