முகாமிலிருந்து வந்தவனின் சைக்கிள்

நானுஓயா ரயில் நிலையத்திலிருந்து மேலேறும் வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஏற்றத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் சித்தப்பா, மிதிக்கிற வயது வன்னியிலேயே போய்விட்டது என்பார். 1977 வன்செயலில் சிறுவனாக வன்னிக்குப் போனவர். அங்கே சைக்கிள்தான் அவருக்கு லொறி, அம்புலன்ஸ் எல்லாம். 2009 இல் அதை வீதியோரம் சாத்திவிட்டு முகாமுக்குள் போனார். பிறகு தோட்டத்துக்கே திரும்பிவிட்டார்.

ஒரு மாலை அவருக்கு ஃபௌஸ்தோ கொப்பியின் கதையைச் சொன்னேன்.

1919 இல் இத்தாலியின் கஸ்தெல்லானியா என்ற மலைக் கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கொப்பி. இறைச்சிக் கடைப் பையனாகச் சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தார். 20 வயதில், 1940 ஜூன் 9 இல், இத்தாலியைச் சுற்றும் ஜிரோ பந்தயத்தை வென்றார். மறுநாளே இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. அவரும் படைக்குப் போக வேண்டியதாயிற்று. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரித்தானியப் படையிடம் பிடிபட்டுப் போர்க்கைதியானார். ஒரு வீரனின் கால்கள் உச்ச பலத்தில் இருக்கும் வருடங்கள் முகாமில் கழிந்தன.

1946 மார்ச் 19. மிலானோவிலிருந்து கடலோர சான் ரெமோ வரையான ஒரு நாள் பந்தயம். யுத்தத்தால் இரண்டு வருடங்கள் நின்றுபோயிருந்தது. தூரம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரையான நம்முடைய ரயில் பாதையின் நீளம். துர்கினோ கணவாய் ஏற்றத்தில் கடைசியாகக் கூட இருந்த பிரெஞ்சு வீரர் லூசியன் தெஸேரும் பின்தங்கினார். அதன்பிறகு கொப்பி தனியே ஓட்டிய தூரம், நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயாவைக் கடந்து பதுளை வரை போவதற்குச் சமம். அவர் எல்லையைத் தொட்டு 14 நிமிடங்களுக்குப் பிறகே இரண்டாமவராகத் தெஸேர் வந்தார். குண்டுகள் சிதைத்த ஒரு நாடு அன்றைக்குத் தன் ஆள் ஒருவன் முன்னால் போவதைப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவர் அடையாத வெற்றி குறைவு. ஜிரோ மொத்தம் 5 தடவை, டூர் டி பிரான்ஸ் 2 தடவை, 1953 இல் உலகச் சம்பியன். ஆனால் போன வருடங்களை எந்த வெற்றியும் திருப்பித் தரவில்லை. 1951 இல் தம்பி செர்ஸே ஒரு நாள் பந்தயமொன்றில் விழுந்து இறந்தார். 1960 ஜனவரி 2 இல் கொப்பியும் போனார். வயது 40. ஆபிரிக்காவில் தொற்றிய மலேரியாவை வைத்தியர்கள் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு மருந்தான குயினின் கிடைக்கும் சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான் 1861 இல் நமக்குப் பக்கத்து ஹக்கலை தோட்டத்தையே தொடங்கினார்கள்.

சித்தப்பா வெற்றிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முகாமிலிருந்து வெறுங்கையோடு வந்தவனுக்குச் சைக்கிளை யார் கொடுத்தது என்றுதான் கேட்டார்.

அதற்கும் பதில் இருந்தது. 1945 இல் நேப்பிள்ஸ் பத்திரிகையாளர் ஜினோ பலும்போ, கொப்பிக்கு ஒரு சைக்கிள் தேவை என்று பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த ஒரு தச்சர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வன்னியில் விட்டுவந்த சைக்கிளின் நிறத்தைச் சொன்னார். பச்சை.