கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, மணியடித்து எழுப்பும் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய அவாவினாள். ஒரு கடிகாரத்தைப் பிரித்தாள். பிரித்தவற்றைத் திரும்பப் பொருத்தும் வகை அவளுக்குத் தெரியவில்லை. மற்றொன்றைப் பார்த்து அறிந்துகொள்ளலாம் என்று எண்ணி அடுத்ததைத் திறந்தாள். இங்ஙனம் அவ்வீட்டின் கடிகாரங்கள் ஏழும் பிரிந்து கிடந்தன. அதனைக் கண்ட அன்னையார் அவள் ஆர்வத்தை அடியோடு தடுத்துவிடவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று வரையறுத்தார். அத்தாயின் பொறுமையும் போற்றத்தக்கதே.

அச்சிறுமியே பிற்காலத்தில் கணிப்பொறித் துறையில் பெரும்புகழ் எய்திய கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் பிறந்தார். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்திற்கு டாக்டர் பட்டம் பெற்றார். தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கடற்படையில் சேர விழைந்தார். அகவையோ மிகுதி, உடல் எடையோ குறைவு. 120 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவர் 105 பவுண்டே இருந்தார். எனினும் விதிவிலக்குப் பெற்று 1943 இல் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஐக்கன் என்பார் தலைமையில் இயங்கிய மார்க் 1 என்னும் கணிப்பொறியில் பணிபுரிய அனுப்பப்பெற்றார். அப்பொறி 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. ஏறத்தாழ 5 டன் எடையுள்ளது. அத்துணைப் பெரிய பொறி ஒரு வினாடியில் செய்தவை மூன்று கூட்டல்களே! காகித நாடாவில் துளைகள் இட்டே அதற்குக் கட்டளைகள் தரப்பட்டன. ஒரு துளை இடம் மாறினாலும் விடை பிழைபட்டுவிடும். ஆதலின் கணக்கை எழுதுவதோடு, பிழை எங்கே புகுந்தது என்று ஒவ்வொரு படியாகத் தேடிக் காண்பதும் அவர்தம் நாள்தோறும் செய்யும் வேலையாயிற்று.

1947 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மார்க் 2 என்னும் அடுத்த பொறி பழுதுற்றது. மின்னோட்டத்தால் திறந்து மூடும் 'ரிலே' என்னும் இணைப்புகள் அதில் மிகப்பல. அவற்றுள் ஒன்றன் இடையே அந்துப்பூச்சி ஒன்று சிக்கி மடிந்து கிடந்தது. பணியாளர் அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். பூச்சியைக் குறிக்கும் 'பக்' என்னும் ஆங்கிலச் சொல், பொறியின் பழுதைக் குறிப்பதாகவும் எடிசன் காலத்திலேயே வழங்கிற்று. இப்போதுதான் மெய்யான பூச்சியே கிடைத்தது என்று நகைச்சுவை தோன்ற அவர்கள் எழுதிவைத்தனர். பூச்சியைக் கண்டுபிடித்தவர் அம்மையார் என்று பலர் கருதுவர், அது சரியன்று. அக்கதையைப் பலரும் அறியச் செய்தவரே அவர். அக்குறிப்பேடு இன்றும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் காக்கப்படுகிறது.

ஆயினும் பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் பூச்சியன்று, மனிதரே. இதனை அம்மையார் நன்குணர்ந்தார். ஒருவர் எழுதிய கணக்கின் ஒரு பகுதி பிறருக்கும் பயன்படுமாயின், அதனைக் குறிப்பேட்டிலிருந்து கையால் பெயர்த்தெழுதிக்கொள்வர். புதிய இடத்திற்கு ஏற்ப எண்களைக் கூட்டி மாற்றவும் வேண்டும். கூட்டும்போது தவறு நேர்ந்தது. பெயர்த்தெழுதும்போது 'பி' என்னும் ஆங்கில எழுத்து ஒருவர் கண்ணுக்கு 13 என்று தோன்றிற்று! கணிதம் வல்லவர்களே இவ்வாறு தடுமாறினர். கூட்டுவதும் படியெடுப்பதும் பொறிக்கு எளியவை அல்லவா? அவ்வேலையைப் பொறியிடமே விட்டுவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். 1949 இல் யூனிவாக் என்னும் பொறியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தவர், வேண்டிய பகுதிகளைப் பொறியே எடுத்துத் தொடுத்துக்கொள்ளும் தொகுப்பி ஒன்றை 1952 இல் அமைத்தார். கணிப்பொறி கணக்கு மட்டுமே செய்யும் என்று கூறிப் பலர் அதனை நம்ப மறுத்தனர்.

அவர் அத்துடன் அமையவில்லை. வணிக நிலையங்களில் பணிபுரிவோர் குறியீடுகளைக் கண்டு அஞ்சுவதைக் கண்டார். நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுத வழி செய்ய முனைந்தார். மேலாளர் இசையவில்லை. பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும்கூட அதே வேலையைச் செய்து காட்டினார். சொல் எம்மொழியினதாயினும் பொறிக்கு அது வெறும் குறியே என்பதை விளக்குவதே அவர் நோக்கம். மேலாளரோ, அமெரிக்கப் பொறி அயல்மொழி பேசுவதா என்று திகைத்தனர்! ஆங்கிலத்தில் மட்டுமே செய்வதாக அவர் உறுதி கூற நேர்ந்தது. அம்முயற்சியில் தோன்றிய 'ஃபுளோ-மேட்டிக்' என்னும் மொழியை அடியொற்றியே, 1959 இல் அறிஞர் குழுவொன்று 'கோபால்' என்னும் மொழியை வகுக்கத் தொடங்கியது. இன்று கைப்பேசிக்கு ஒரு சிறு நிரல் எழுதப் பழகும் மாணவர், பொருள் விளங்கும் சொற்களால் கட்டளை எழுதுகின்றனர். எழுத்துப் பிழை நேர்ந்த வரியைப் பொறியே சுட்டுகிறது. துளையிட்ட நாடாவைக் கண்ணருகே பிடித்துப் பிழை தேடிய காலத்தை அவர்கள் அறியார்.

1966 இல் கடற்படையினின்று ஓய்வு பெற்ற அவரை மறு ஆண்டே திரும்ப அழைத்தனர். மீண்டும் 1986 இல், தம் 79 ஆம் அகவையில், ரியர் அட்மிரல் பதவியுடன் விடை பெற்றார். முதுமையிலும் மாணவர் அவைகளில் பேசுவதை அவர் விட்டாரல்லர். ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கட்டாக எடுத்துச் செல்வார். ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறி செல்லக்கூடிய தொலைவு அதுவே என்று காட்டி, கேட்போர்க்கு ஆளுக்கு ஒன்றாக வழங்குவார். அவர் அலுவலறைச் சுவரில் முட்கள் பின்னோக்கிச் சுழலும் கடிகாரம் ஒன்றும் தொங்கியது. சற்றே பழகியவர்க்கு அது நேரத்தைச் சரியாகவே காட்டிற்று.

1992 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைமரியாதையுடன் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1997 இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்க்கப்பெற்றது.