டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: வாழ்வும் தொண்டும்

கொங்கு நாட்டிலும் சுற்று வட்டாரங்களிலும் புற்றுநோய் கண்ட ஒருவரை அடையாறு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்த குடும்பங்கள் பல உண்டு. இன்று கோவையிலேயே இந்நோய்க்கான சிகிச்சை வசதிகள் பெருகிவிட்டன. எனினும் அடையாறு என்ற பெயர் நம் மக்கள் மனதில் நம்பிக்கையின் மறுபெயராகவே நிலைத்திருக்கிறது. அந்த மருத்துவமனை எழுவதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு பெண்மணி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை நம் ஜமாஅத்தினர், குறிப்பாகப் பெண்மக்களைப் பெற்றவர்கள், அறிந்து கொள்வது பயனுடையதாகும்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இத்திருமணத்தின் காரணமாகத் தந்தையாரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தனர். தாயின் குலத்தைச் சொல்லி ஊரார் பேசிய ஏச்சுகளைக் கேட்டுக்கொண்டே அந்தச் சிறுமி வளர்ந்தார்.

பெண்கள் பருவமெய்தியதும் படிப்பை நிறுத்திவிடுவதே அன்றைய வழக்கம். முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் ஆண்கள் மட்டுமே படித்து வந்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்புகள் கிளம்பின. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கினார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்பான தேர்ச்சியுடன் மருத்துவராக வெளிவந்தார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனைகளை ஏற்ற பின்னரே அவர் இத்திருமணத்துக்கு உடன்பட்டார். கணவரும் இறுதிவரை அந்தச் சொல்லைக் காத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டமன்றத்தில் ஒரு குரல்

மேற்படிப்புக்காக 1925இல் இங்கிலாந்து சென்ற அவர், மகளிர் மற்றும் குழந்தைகள் நலம் குறித்துப் பயின்றார். நாடு திரும்பியபின் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி என்ற பெருமை அவருக்குரியது. 1927இல் அந்த அவை அவரைத் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. நன்றாக நடந்து கொண்டிருந்த மருத்துவத் தொழிலின் வருவாயைக் குறைத்துக் கொண்டுதான் அவர் இப்பொறுப்பை ஏற்றார்.

பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், தாய் சேய் நலம் ஆகியவற்றுக்காக அவர் தொடர்ந்து வாதாடினார். முஸ்லிம் மாணவியர் தங்கிப் படிப்பதற்கு விடுதி அமையவும், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைக்கவும் முயற்சி எடுத்துக்கொண்டார். தம் சமயத்தவர் அல்லாத பெண்பிள்ளைகளின் படிப்பையும் தம் பொறுப்பாக எண்ணிய அந்த உள்ளம் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

அவருடைய பெரும் போராட்டம் தேவதாசி முறைக்கு எதிரானது. கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம், அவர்கள் வாழ்வைப் பாழாக்குகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆண்கள் நிறைந்த அவையில், தம் தாயார் பிறந்த குலத்தின் துயரத்தைப் பற்றி எழுந்து பேசுவதற்கு எத்தகைய துணிவு வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். பழமை பேசியோர் எதிர்த்தனர். அக்குலத்துப் பெண்களிலும் ஒரு சாரார், தங்கள் பிழைப்பும் கலையும் பறிபோகும் என்று அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர் தளரவில்லை. கோயில் பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட மானிய நிலங்களை, அப்பணியிலிருந்து விடுபட்டாலும் அப்பெண்களே அனுபவிக்க வகை செய்யும் சட்டம் 1929இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947இல்தான். இடையில் 1930இல், காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் தம் பதவியைத் துறந்திருந்தார்.

அவ்வை இல்லம்

சட்டம் பேசினால் மட்டும் போதாது. அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறும் பெண்ணுக்குத் தங்க ஓர் இடமும் உண்ண உணவும் வேண்டும். அடைக்கலம் தேடி வந்த இளம்பெண்களை ஏற்க விடுதிகள் தயங்கிய நிலையில், அவர் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். இவ்வாறு தொடங்கியதே அவ்வை இல்லம். சாதி பாராமல் ஆதரவற்ற பெண்களையும் குழந்தைகளையும் ஏற்று, கல்வியும் கைத்தொழிலும் கற்பித்து, சொந்தக் காலில் நிற்கச் செய்த நிறுவனம் அது. பின்னர் அடையாறு பகுதியில் பள்ளியோடு வளர்ந்தது.

புற்றுநோய் மருத்துவமனை

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் காலமானார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலாத வேதனை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவின்போது வெளியிட்டார். புற்றுநோய் வந்தால் மரணம்தான் என்று கருதப்பட்ட காலம் அது. அரசின் ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டத் தொடங்கினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, இப்பணியில் தோள் கொடுத்தார்.

1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல், 12 படுக்கைகளுடன் எளிய கட்டடத்தில் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்கு வயது 68ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு இங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை இந்நிறுவனத்துக்கே தம்மை ஒப்படைத்தார். வசதியற்றவர்களுக்குக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை அளிக்கும் மரபு தொடக்கம் முதலே பேணப்பட்டு வருகிறது.

நிறைவு

மத்திய அரசு 1956இல் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22இல், 82 வயது நிறைய எட்டு நாட்களே இருந்த நிலையில் அவர் மறைந்தார். கருவுற்ற ஏழைத் தாய்மார்களுக்கான தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் தொடங்கப்பட்டது. அவர் பிறந்த நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடவும் தமிழக அரசு 2019இல் முடிவு செய்தது.

அன்று புதுக்கோட்டையில் ஒரு பெண்பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு மூடப்பட்டிருந்தால், இத்தனை கதவுகள் பிறருக்காகத் திறந்திருக்க மாட்டா. படிப்பில் ஆர்வமுள்ள ஒரு மகள் நம் மஹல்லாவில் பொருள் இல்லாத காரணத்தாலோ ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியோ வீட்டோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் கடமை. நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், உடனிருக்கவும், செலவில் ஒரு பங்கை ஏற்கவும் நம்மால் இயலும். 12 படுக்கைகளில் தொடங்கிய பணி இன்று எத்தனை குடும்பங்களைத் தாங்குகிறது என்பதை எண்ணினால், சிறிய உதவி எதுவும் சிறியதன்று என்பது விளங்கும்.